ஏழு பாயிண்ட் காற்று ஊதும் முன்

சேலத்திலிருந்து தர்மபுரி வரும் வழியில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகிப் போகும்போது காது கொடுத்துக் கேளுங்கள். உறுமலுக்கு மேலே மெல்லிய சீழ்க்கை ஒன்று வரும். அதுதான் டர்போ. புகையோடு வீணாகப் போகும் வெப்பத்தைக் கொண்டே காற்றை உள்ளே தள்ளலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் ப்யூகி காப்புரிமை எடுத்தது 1905இல். அந்த லாரி எஞ்சினில் பிஸ்டனின் அடிவயிற்றில் ஆயில் பீய்ச்சும் குழாய் முதல் ரேடியேட்டரின் தடிமன் வரை எல்லாமே டர்போவை மனதில் வைத்துச் செய்தவை. அதனால்தான் பல நிமிடம் முழுச் சுமையில் இழுத்துவிட்டு மேலே போய் டீ குடிக்க நிற்கிறது.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1300 சிசி பெட்ரோல் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்கு டர்போவோ, எஞ்சின் பெல்ட்டால் சுழன்று அதே வேலையைச் செய்யும் சூப்பர்சார்ஜரோ போட முடியாது என்று சொல்ல வரவில்லை, போடலாம். ஆனால் எந்தச் சுமைக்குத் திட்டமிடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். டைனோவில் (எஞ்சினின் சக்தியை அளக்கும் கருவி) ஒரு ஓட்டம் பத்துப் பதினைந்து விநாடியில் முடிந்துவிடும். அந்தப் பதினைந்து விநாடியைத் தாங்கும் எஞ்சின் எல்லாம் சித்திரை வெயிலில், ஏசி போட்டு, நாலு பேரோடு தொப்பூர் ஏறும்போது தாங்கிவிடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் தட்டையான சாலை என்பதே குறைவு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போவதே ஏற்றம். வத்தல்மலை, அஞ்செட்டி, பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கி மீண்டும் ஏறுவது எல்லாம் அதற்கு மேல். ஆகவே கணக்கை நிமிடத்தில் போடுங்கள், விநாடியில் வேண்டாம்.

முதலில் ஒரு இலக்கை எண்ணாக எழுதி வையுங்கள். "நல்லா இழுக்கணும்" என்பது இலக்காகாது. எடுத்துக்காட்டுக்கு 85 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் கூடுதலாகத் தள்ளும் அழுத்தம், 0.5 பார். டயர் கடைப் பேச்சில் சொன்னால் ஏழு பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) காற்று. "ஏழு பாயிண்ட் தானேண்ணா, டயர்ல முப்பது அடிக்கிறோம்" என்று சொல்பவர்கள் உண்டு. டயர் அதைச் சும்மா தாங்கி நிற்கிறது. எஞ்சின் அதைப் பற்றவைக்கிறது.

ஏழு பாயிண்டுக்கு எவ்வளவு கிடைக்கும்? காற்றழுத்தம் ஒன்றரை மடங்கு ஆனதால் சக்தியும் ஒன்றரை மடங்கு ஆகிவிடாது. அமுக்கினால் காற்று சூடாகும், சூடானால் அடர்த்தி குறையும். வெளியே 40 டிகிரி வெயில், கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், டர்போவை விட்டு வெளியே வரும் காற்று 94 டிகிரி இருக்கும். அப்படியே உள்ளே விட்டால் அடர்த்தி கூடுவது 28 சதவீதம்தான். நடுவில் இன்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்கு இறக்கினால் 43 சதவீதம். 85 என்பது கணக்குப்படி 121 ஆகும். இழப்புகள் போக 115 முதல் 120 வரை எதிர்பார்க்கலாம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் 15 சதவீதம்தான் இன்டர்கூலரின் சம்பளம். அதைவிட முக்கியம், 94 டிகிரிக் காற்று எஞ்சினை நாக்கிங்குக்கு (கலவை தானாக வெடிப்பதற்கு) தள்ளும்; 55 டிகிரிக் காற்று அவ்வளவு தள்ளாது.

ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரின் திறன் இன்னும் குறைவு. 55 சதவீதம் என்று வைத்தால் அதே பூஸ்டுக்குக் காற்று 109 டிகிரியில் வெளியேறும். அந்தக் காற்றை அமுக்கும் வேலையும் பெல்ட் வழியாக கிராங்கிலிருந்தே போகிறது. 120 குதிரைத்திறனுக்கான காற்றளவில் அது ஏறத்தாழ 10 குதிரைத்திறன். கொடுப்பதில் கமிஷன் பிடிப்பது போல. ஆனால் அதற்கும் ஒரு நல்ல குணம் உண்டு: 2000 சுற்றிலிருந்தே இழுவை கிடைக்கும், காத்திருக்க வேண்டியதில்லை. புகைக்குழாய்ப் பக்கத்தில் கை வைக்கவே வேண்டாம், எஞ்சின் அறையில் நெருப்புக்கோளம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டாம். ஊருக்குள்ளேயும் மலைச்சாலையிலும் ஓட்டுகிறவருக்கு, சக்தி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால், சூப்பர்சார்ஜர் மோசமான தேர்வு அல்ல. பெல்ட் வழுக்காமல் இருக்க கப்பியைப் பாதிச் சுற்றாவது தழுவி ஓடுகிறதா, எல்லாக் கப்பியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே இயல்பான காற்றழுத்தமே 0.91 பார் அளவுதான். டர்போவின் வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை தாண்டாமல் புகையைத் திருப்பிவிடும் கதவு) ஸ்பிரிங் வெளிக்காற்றோடு ஒப்பிட்டே வேலை செய்வதால் பூஸ்ட் கடிகாரம் அங்கேயும் 0.5 பார் காட்டும். ஆனால் அதை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். சூப்பர்சார்ஜரில் விகிதம் கப்பியால் நிலையானது. கீழே 0.5 காட்டியது ஓசூரில் 0.45 பக்கம் நிற்கும். பெல்ட் வழுக்குகிறது என்று அவசரப்பட்டு இறுக்கிவிடாதீர்கள்.

எஞ்சினின் நலம்

பழைய எஞ்சினுக்குக் காற்று ஊதுவது விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்கச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

கம்ப்ரஷன் சோதனையைச் சரியாகச் செய்வோர் குறைவு. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும், பெட்ரோல் பம்ப் ரிலேயையும் இக்னிஷன் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்க வேண்டும், பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அமுக்கம் வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். நல்ல பெட்ரோல் எஞ்சினில் 11, 12 பார் வாக்கில் வரும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிறுத்துங்கள். குறைவாக வந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ கசிவு.

அதற்கடுத்தது லீக்டவுன். டயர் கடை கம்ப்ரஸரே போதும். பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து 7 பார் காற்றை பிளக் துளை வழியே விட்டு, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பாருங்கள். 10க்குள் இருந்தால் நல்லது. 20ஐத் தாண்டினால் எஞ்சினை இறக்காமல் டர்போ பேச்சே வேண்டாம். காதும் ஒரு கருவிதான்: சைலன்ஸரில் 'ஸ்ஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

ஆயில் அழுத்தத்தை டாஷ்போர்டு விளக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். உண்மையான கடிகாரம் மாட்டி, எஞ்சின் நன்கு சூடான பிறகு பாருங்கள். ஆயிரம் சுற்றுக்குக் குறைந்தது 10 பாயிண்ட் என்பது பழைய வழக்கம், இன்றும் பிழையில்லை. அது இல்லாத எஞ்சினில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் டர்போ பேரிங்குக்கு நீங்கள் எதைக் கொடுப்பீர்கள்?

எது முதலில் உடையும்

உடைவது எப்போதும் மிகப் பலவீனமான கண்ணிதான். பூஸ்ட் எவ்வளவு என்பதை அந்தக் கண்ணி தீர்மானிக்கட்டும். கிட் விற்பவரின் விளம்பரம் தீர்மானிக்க வேண்டாம்.

சாதாரண வார்ப்புப் பிஸ்டன் கொண்ட, 10:1 அமுக்க விகிதமுள்ள, 91 ஆக்டேன் பெட்ரோல் குடிக்கும் எஞ்சினில் 0.4 முதல் 0.5 பார் வரை என்பது எங்கள் மட்டில் மேல் எல்லை. அதுவும் இன்டர்கூலரோடும் நல்ல மேப்போடும்தான் (மேப் என்பது எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று எஞ்சின் கணினிக்குச் சொல்லும் அட்டவணை). விகிதம் 11ஐத் தொட்டால் 0.3லேயே நிறுத்திக்கொள்வது மரியாதை. முதலில் போவது பெரும்பாலும் பிஸ்டன் தலை அல்ல, ரிங் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சுவர். நாக்கிங்கின்போது, சுடர் போய்ச் சேருமுன்னே சிலிண்டரின் மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. சுத்தியலால் தட்டியது போன்ற அழுத்த அலை முதல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் இடையிலான சுவரை உடைக்கிறது. வெளியே தெரிவது என்ன? திடீரென்று ஆயில் குடிக்கும், டிப்ஸ்டிக் குழாய் வழியே புகை தள்ளும், ஒரு சிலிண்டரின் அமுக்கம் விழும். மூடியைத் திறந்தால் பிஸ்டன் தலை பளபளவென்று இருக்கும், "ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். கீழே பாருங்கள்.

ரிங்கின் முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி பலர் மறக்கும் இன்னொரு விஷயம். 75 மி.மீ. போர் கொண்ட சாதாரண எஞ்சினில் மேல் ரிங்குக்கு 0.30 மி.மீ. அளவில் விடுவார்கள். பூஸ்ட் எஞ்சினில் ரிங் இன்னும் சூடாகி நீளும். 0.30ஐ அப்படியே விட்டால் முனைகள் முட்டிக்கொண்டு, போரைக் கீறி, பிஸ்டனின் மேல்பகுதியையே பிய்த்துவிடும். போர் அளவை 0.005ஆல் பெருக்குங்கள்: 75க்கு 0.375 வரும். 0.006 என்றால் 0.45. சாலை ஓட்டத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவில், பிஸ்டன் தயாரிப்பாளர் தந்த அளவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரிங்கை அரம் கொண்டு தேய்க்கும்போது வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்த்து, முனையின் பிசிறை எண்ணெய்க் கல்லில் நீவ வேண்டும். இடைவெளி அதிகமானால் கொஞ்சம் புகை கூடும். குறைவானால் எஞ்சின் போகும். இரண்டில் எதைப் பொறுத்துக்கொள்வது என்பது தெளிவு.

அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடுவதானால் 4032, 2618 என்ற இரு அலுமினியக் கலவைகளின் பெயர் காதில் விழும். 2618 அதிகம் தாங்கும். ஆனால் சூட்டில் அதிகம் விரிவதால் போருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே அதிக இடைவெளி கேட்கும், காலையில் குளிர்ந்த எஞ்சினில் 'டக்டக்' என்று தட்டும். தினசரி ஓட்டும் காருக்கு 4032 போதும். போர் போட்டு ஹோனிங் செய்யும் லேத்காரரிடம் பிஸ்டன்களைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றையும் அளந்து அதற்கேற்ப ஒவ்வொரு போரையும் முடிக்கச் சொல்லுங்கள். "50 சைஸ் போட்டுடுறேன்" என்ற பொதுக் கணக்கு இங்கே செல்லாது. ஓசூர் சிப்காட் பக்கம் மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அளவுச் சீட்டு தரும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள்.

ராடு (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைவது இழுவையால், ராடு அறுவது சுற்றால். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் மலைச்சாலையில் எப்படி ஓட்டுவது என்பதும் தெரிந்துவிடும். ஐந்தாம் கியரில் 2000 சுற்றில் முழுதாக மிதித்து, சின்ன டர்போ உடனே முழுப் பூஸ்டையும் கொட்டும்போதுதான் ராடின் மேல் மிக மோசமான அழுத்தம் விழும். தொப்பூர் ஏற்றத்தில் கியரைக் குறைத்து 3500இல் ஏறுவது எஞ்சினுக்கு இளைப்பாறல். மேப்பிலும் 3000 சுற்றுக்குக் கீழே பூஸ்டை அடக்கி வைக்கச் சொல்லலாம்.

அமுக்க விகிதத்தைக் குறைக்கிறோம் என்று தடித்த ஹெட் கேஸ்கட் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மலிவான வழி, ஆனால் தப்பான வழி. பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் பிஸ்டனுக்கும் இடையே சுமார் 1 மி.மீ. இருந்தால்தான் கலவை பிதுங்கிச் சுழன்று வேகமாக எரியும். அந்த இடைவெளியை 2 மி.மீ. ஆக்கினால், விகிதம் குறைந்தும் நாக்கிங் கூடும் விசித்திரம் நடக்கும். குறைக்கத்தான் வேண்டுமென்றால் குழி ஆழமான பிஸ்டன் மூலம் குறையுங்கள். கேஸ்கட் பல அடுக்கு எஃகுத் தகடாக இருக்கட்டும். ஆனால் அது ஹெட் முகமும் பிளாக் முகமும் கண்ணாடி போல் இருந்தால்தான் பிடிக்கும். நேர்விளிம்புக் கோல் வைத்து 0.05 மி.மீ. தகடு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஃபேசிங் போட வேண்டும். ஒருமுறை இழுத்து முறுக்கிய ஹெட் போல்ட்டை மறுபடி போடாதீர்கள், அவை நீண்டு போயிருக்கும்.

பெட்ரோல் கணக்கு

பூஸ்ட் எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளலாம். 120க்கு 32.4 கிலோ. நான்கால் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு (பெட்ரோல் பீய்ச்சும் முனை) 8.1 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 181 மி.லி. இன்ஜெக்டர் நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 226 மி.லி. கொள்ளளவு தேவை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதே கலவைத் தரத்துக்கு ஏறத்தாழ 8 சதவீதம் அதிகமாகப் பீய்ச்ச வேண்டும். 245 ஆகிவிட்டது. 270, 280 பக்கம் வாங்கினால் மூச்சுவிட இடமிருக்கும். 550 வாங்கி மாட்டினால் ஐட்லிங்கில் துளித்துளியாகப் பீய்ச்சத் தெரியாமல் எஞ்சின் தள்ளாடும். பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் இன்ஜெக்டரில் வேலைக்காகாது.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு கண்ணி. பல கார்களில் பெட்ரோல் அழுத்தம் டேங்குக்குள்ளேயே 3 பாருக்கு நிலையாக வைக்கப்பட்டிருக்கும். காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் 0.5 பார் எதிர்த்து நிற்கும்போது இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.5. பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால் 9 சதவீதம் குறைந்துவிடும், அதுவும் அதிகமாகத் தேவைப்படும் அதே நேரத்தில். ஆகவே பூஸ்டோடு சேர்ந்து ஏறும் ரெகுலேட்டரை முன்னே கொண்டுவந்து, திரும்பும் குழாய் ஒன்று டேங்குக்குப் போட வேண்டும்; அல்லது இந்த இழப்பையும் சேர்த்து இன்ஜெக்டரைத் தேர்ந்தெடுத்து மேப்பில் ஈடுகட்ட வேண்டும். மணிக்கு 45, 50 லிட்டர் தேவை என்பதால் பம்ப்பும் அதே அளவு இருந்தால் போதும் என்று இல்லை; அழுத்தம் ஏற ஏற பம்பின் பாய்வு குறையும். 3.5 பாரில் 80 லிட்டருக்குக் குறையாமல் தருவதாகப் பாருங்கள். பழைய பம்ப்புக்குப் போகும் மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழும் என்பதால், பேட்டரியிலிருந்து ரிலே வைத்துத் தனி வயர் இழுப்பது நல்லது.

எத்தனால் கலவையில் இன்னொரு குழப்பம். சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு, இந்தக் கலவைக்குச் சுமார் 13.5தான். மீட்டரில் 14.7, 12 என்ற எண்களைப் பிடித்துக்கொண்டு அலையாமல் லாம்டாவில் (முழுதாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற விகிதம்) பேசுங்கள். முழுச் சுமையில் 0.78 முதல் 0.82. எந்தப் பெட்ரோலுக்கும் அது பொருந்தும். புகையிலிருந்து லாம்டாவை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை டர்போவுக்கு அப்பால் இரண்டு, மூன்று அடி தள்ளி, ஈரம் தேங்காதபடி மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். டர்போவுக்கு முன்னால் வைத்தால் சூட்டிலும் அழுத்தத்திலும் சீக்கிரம் செத்துவிடும்.

மேப் போடும்போது நீங்கள் அடிக்கக்கூடிய மிக மோசமான பெட்ரோலுக்குப் போடுங்கள். நெடுஞ்சாலையில் 95 ஆக்டேன் கிடைக்கலாம். அரூர் தாண்டி உள்ளே போனால் 91 தவிர வேறு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தொடக்கத்தில் ஒரு பாயிண்ட் பூஸ்டுக்கு ஒரு டிகிரி என்று இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து வைத்து, நாக் சென்சாரின் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டு வருவது வழக்கம். கம்பெனி மேனிஃபோல்டு அழுத்த சென்சார் 1 பாருக்கு மேல் படிக்கத் தெரியாதது; 2.5 பார் படிக்கும் ஒன்றை மாற்றாமல் எந்த மேப்பும் குருட்டு மேப்தான். பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக மாற்றி, இடைவெளியை 1.0இலிருந்து 0.7 மி.மீ.க்குக் குறையுங்கள். என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. இதை மாற்றிப் புரிந்துகொண்டு சூடான பிளக் போட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

சூடும் ஆயிலும்

இந்த ஊருக்கு எழுதுவதென்றால் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

35 சதவீதம் அதிகச் சக்தி என்றால் தண்ணீரில் போய்ச் சேரும் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு கூடும். இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சூடான காற்றை அதன் முகத்திலேயே ஊதும். ஏசி கண்டன்சர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. மூன்றும் வரிசையில் நிற்க, ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஊரும்போது தானாக வரும் காற்று எதுவும் இல்லை; எல்லாம் ஃபேனை நம்பித்தான். ஆகவே ரேடியேட்டரை ஒரு வரிசை தடிமன் கூட்டுங்கள். ஃபேனைச் சுற்றித் தகடு உறை கட்டாயம். ரேடியேட்டரின் பக்கவாட்டு இடுக்குகளை ஃபோம் வைத்து அடையுங்கள்; காற்று சோம்பேறி, சுலபமான வழி இருந்தால் ரேடியேட்டர் வழியாகப் போகாது. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்பு ஹெட்டின் நீர்வழிகளைச் சுண்ணாம்புக் கல்லாக்கிவிடும், அந்த இடத்தில்தான் நாக்கிங் தொடங்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

டர்போவுக்கு ஆயில் போகும் வழியைவிட, திரும்பி வரும் வழிதான் அதிகம் சொதப்புகிறது. உள்ளே அழுத்தத்தோடு போகும் ஆயில் நுரைத்த தயிர் மாதிரி வெளியே வரும், வெறும் ஈர்ப்பில் இறங்க வேண்டும். குழாயின் உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஓரிடத்திலும் மேலேறவோ மடங்கவோ கூடாது. சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலேதான் சேர வேண்டும். இதில் தவறினால் டர்போவின் சீல் வழியே ஆயில் கசிந்து நீலப்புகை வரும்; நல்ல டர்போவைக் குற்றம் சொல்லி மாற்றுவார்கள், புதியதும் புகையும். கிராங்க்கேஸில் அழுத்தம் தேங்கினாலும் இதே கதை. பூஸ்ட் பின்வாங்கி உள்ளே போகாதபடி கிராங்க்கேஸ் புகையை வெளியேற்றும் பி.சி.வி. குழாயில் ஒருவழி வால்வும், ஆயில் பிடிக்கும் டப்பா ஒன்றும் வையுங்கள். உள்ளே போகும் குழாயில், பால்பேரிங் டர்போ என்றால் 1 மி.மீ. அளவு துளையுள்ள கட்டுப்பான் வேண்டும். சாதாரண பேரிங் என்றால் அவ்வளவு இறுக்கக் கூடாது. சம்ப்பில் துளை போடுவதற்கு அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். "கிரீஸ் தடவி ஓட்டை போட்டா துகள் ஒட்டிக்கும்" என்று யாராவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போ மலிவாகக் கிடைக்கும், ஆசை காட்டும். பெட்ரோல் எஞ்சினின் புகை முழுச் சுமையில் 900 டிகிரியைத் தாண்டும். டீசலில் அதைவிட நன்கு குறைவு. டீசலுக்கென்று வார்த்த டர்பைன் அந்தச் சூட்டில் வெடிப்பு விடும், உள்ளே நகரும் இறக்கைகள் இருந்தால் அவை ஒட்டிக்கொண்டு பூஸ்ட் கட்டுக்கடங்காமல் போகும். டர்போ உட்காரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சாதாரண இரும்புக் குழாயில் பற்றவைத்துச் செய்தால் சில மாதத்தில் வெல்டிங் ஓரம் கீறும். தடித்த சுவர் குழாயும், டர்போவின் எடையை எஞ்சின் பிளாக்கோடு தாங்கிப் பிடிக்கும் முட்டும் வேண்டும். பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் வயர் கட்டும் டர்போவின் சூட்டில் படாதபடி நடுவில் தகடு மறைப்பு வையுங்கள். வத்தல்மலை உச்சிக்கு ஏறியதும் படம் எடுக்கும் அவசரத்தில் சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் ஓடட்டும். நின்ற ஆயில் டர்பைன் சூட்டில் கருகி பேரிங்கில் கரியாக உறையும்.

கிளட்ச்சைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 115 நியூட்டன் மீட்டர் இழுவைக்குச் செய்தது 160க்கு வழுக்கும். ஏற்றத்தில் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் அதுதான். பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் இறக்கம் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிய டாட் 4 பிரேக் ஆயில், நல்ல பேட், புதிய டிஸ்க். இவை பூஸ்டுக்கு முன்னாலேயே போகட்டும்.

பணத்தை வைக்கும் வரிசை என்று கேட்டால்: சோதனை, ரேடியேட்டர், பிரேக், பெட்ரோல் பாதை, வைட்பேண்ட், கிளட்ச், மேப், அப்புறம்தான் டர்போ. கிட்டுக்கு ஆகும் அளவு பணம் மறுபடியும் கையில் இல்லாவிட்டால் தொடங்காதீர்கள். பாதியில் நிற்கும் கார்தான் பட்டறைகளில் அதிகம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்ற உரிமையாளருக்கு அனுமதியில்லை. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். சாலைக்கான காரில் எதைத் தொடுவதற்கு முன்னும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பந்தயத்துக்கென்றே வைத்திருக்கும் வண்டி என்றால் டிரெய்லரில் ஏற்றி கோயம்புத்தூர் கரி டிராக்குக்குக் கொண்டு போங்கள்.

எல்லாம் பூட்டியாகிவிட்டதா? பிளக்கைக் கழற்றி, பெட்ரோலை நிறுத்தி, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். டர்போவின் திரும்பும் குழாயைக் கழற்றி ஆயில் வழிகிறதா என்று கண்ணால் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டர் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் மட்டத்துக்கு மேல் பூஸ்ட் வேண்டாம். பிறகு ஆயிலை மாற்றி, ஃபில்டரை அறுத்துப் பிரித்து மடிப்புகளில் மினுக்கும் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். மேனிஃபோல்டு நட்டுகளைக் குளிர்ந்த நிலையில் மறுபடி முறுக்குங்கள். பிளக் நான்கையும் எடுத்து, பீங்கானில் மிளகுப்பொடி தூவியது போல் கறுப்புப் புள்ளிகளோ பளபளக்கும் அலுமினிய முத்துகளோ தெரிகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். தெரிந்தால் அது நாக்கிங். அன்றைக்குத் தொப்பூர் பக்கம் போகாமல் மேப் போட்டவரிடம் போங்கள்.